ஜாலான் அம்பாஸ் வளர்த்த கலைஞர் பி. ரம்லி

மலாய் மொழியில் பாடல் என்றோ திரைப்படம் என்றோ பேச்செடுத்தால் முதலில் நாவில் வந்து நிற்கும் பெயர் பி. ரம்லி. நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதை வசனகர்த்தா, இயக்குநர் எனப் பல பணிகளையும் ஒருவரே ஏற்று, ஒவ்வொன்றிலும் முன்வரிசையில் நின்றவர் அவர். மலாய் மக்கள் அவரைச் 'செனிமான் அகோங்', அதாவது பெருங்கலைஞர், என்று போற்றுவர். மலாய் மக்கள் மட்டுமா? இம்மண்ணில் பிறந்து வளர்ந்த தமிழரும் சீனரும் அவருடைய பாடல்களைத் தம் வீட்டுப் பாடல்களைப் போலவே முணுமுணுத்து வந்திருக்கின்றனர்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே அழுத்திச் சொல்வர். அவர் பிறவிக் கலைஞர் என்பது ஒன்று. இறுதிக் காலத்தில் நாடு அவரைக் கைவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவே பதினாறு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தப் பதினாறு ஆண்டுகளும் சிங்கப்பூரில், பாலஸ்டியர் வட்டாரத்தில், ஜாலான் அம்பாஸ் என்னும் சிறிய தெருவில் இருந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் கழிந்தவை. ரம்லி கற்றதும் அங்கேதான். உச்சியைத் தொட்டதும் அங்கேதான். அதை விட்டு நீங்கிய பிறகு அவருடைய கலை ஏன் தளர்ந்தது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. அந்நிலையத்தின் வரலாற்றில் இந்தியக் கலைஞர்களின் பங்கும், குறிப்பாகத் தமிழர் ஒருவரின் பங்கும், தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருக்க வேண்டியவை.

ரம்லியின் இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் நியாக் புத்தே சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. தாயார் சே மா பட்டர்வொர்த் பக்கத்தவர். 'ரம்லி' என்பது அவர் பின்னர் ஏற்றுக்கொண்ட பெயர். முன்னால் நிற்கும் 'பி' என்னும் எழுத்து தந்தையின் பெயரான புத்தே என்பதன் முதலெழுத்து. மலாய் மக்கள் தந்தை பெயரைப் 'பின்' சேர்த்துப் பெயருக்குப் பின்னால் வைப்பவர்கள். நம்மவரைப் போல முதலெழுத்தை முன்னே நிறுத்திய இந்தப் பெயர் தமிழர் செவிக்கு அயலாகப் படாததில் வியப்பில்லை.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும், பின்பு பினாங்கு பிரீ ஸ்கூலிலும் படித்தார். படிப்பைவிடப் பாட்டிலேயே நாட்டம் மிகுதி. சப்பானியர் ஆட்சியில் படிப்புத் தடைப்பட்டது. சப்பானியக் கடற்படையினர் நடத்திய பள்ளி ஒன்றில் சேர்ந்தார். அந்தக் கொடிய காலமும் இவருக்கு ஒன்றைக் கொடுத்தது. சப்பானியப் பாடல்களை அங்கே கற்றார்; அவற்றின் வழியே இசையின் அடிப்படைகளில் பழக்கம் ஏற்பட்டது. உக்குலேலே, கிட்டார், வயலின் என்று கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் பழகினார். போர் முடிந்தபின் கம்பத்து இளைஞர்களின் இசைக்குழுவில் சேர்ந்து திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடினார். 1947ஆம் ஆண்டில் மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் வட மலாயாவின் சிறந்த பாடகராகத் தேர்வு பெற்றார்.

பினாங்கில் பிறந்து வளர்ந்ததும் அவர் கலைக்கு ஓர் அடித்தளம் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, அவற்றைப் பின்பற்றி, மலாய் மொழியில் 'பங்சாவான்' என்னும் இசை நாடகம் தோன்றியது அந்நகரிலேதான். பாட்டும் வசனமும் நகைச்சுவையும் சண்டையும் கலந்த கூத்து அது. அரபு நாட்டுக் கதையும் இந்தியக் கதையும் சீனக் கதையும் அங்கே ஒரே மேடையில் ஏறின. பல நாட்டுச் சரக்கும் வந்து இறங்கும் துறைமுக நகரில், பல நாட்டு இசையைக் கேட்டு வளர்ந்த சிறுவனுக்குப் 'பிறர் இசை' என்ற வேலி இருந்திருக்க முடியாது. குரோஞ்சோங், கசல், இனாங், ஜோகெட் ஆகியவற்றோடு இலத்தீன் அமெரிக்க ரும்பாவையும் சா சா சாவையும் பின்னாளில் அவர் ஒரே குரலில் இணைத்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

1948ஆம் ஆண்டில் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த வேளாண்மைப் பொருட்காட்சியில் ரம்லி பாடினார். அங்கே வந்திருந்த பி. எஸ். ராஜன்ஸ் என்னும் இயக்குநர் அவர் குரலைக் கேட்டார். பஞ்சாபியரான ராஜன்ஸ் சாதாரணமானவர் அல்லர். 1930களில் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' கதையைப் படமாக்கி, மலாய்ப் பேசும்படத்துக்கு வழி திறந்தவர். அவருடைய அழைப்பை ஏற்று, அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பத்தொன்பது வயது இளைஞராக ரம்லி சிங்கப்பூர் சென்றார்.

ஜாலான் அம்பாஸ் 8ஆம் எண்ணில் இருந்தது மலாய்ப் பட நிறுவனம். அதன் உரிமையாளர்கள் ரன்மி ஷா, ரன் ரன் ஷா என்னும் சீனச் சகோதரர்கள். மலாயாவெங்கும் கொட்டகைகளை வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்தக் கொட்டகைகளில் இந்தியப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதியதைக் கண்ட அவர்கள், மலாய் மொழியிலும் பாட்டும் ஆட்டமும் நிறைந்த படங்களை எடுத்தால் கூட்டம் வரும் என்று கணக்கிட்டனர். எனவே முதல் சீனருடையது, இயக்குநர்கள் இந்தியர், நடிகர்கள் பங்சாவான் மேடையிலிருந்து வந்த மலாய்க்காரர். இப்படியொரு கூட்டுக் குடும்பத்தில் பிறந்ததே மலாய்த் திரைப்படம். ராஜன்சைத் தவிர, பி. என். ராவ், எஸ். இராமநாதன், எல். கிருஷ்ணன், பனி மஜும்தார் ஆகியோரும் அங்கே படங்களை இயக்கினர்.

ரம்லியின் முதல் படமான 'சிந்தா' 1948இல் வெளிவந்தது. அதில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகனாக நடித்த ரூமாய் நூருக்குப் பாட வராது. ஆகவே அவருக்கும் ரம்லியே பின்னணி பாடினார். நாயகன் வாயைத் திறந்தால் வில்லனின் குரல் வருகிறது! பின்னணிப் பாட்டு என்னும் முறை அக்காலத்து மலாய் இரசிகர்களுக்குப் புதிது. வேடமில்லாத நாள்களில் ரம்லி படப்பிடிப்புத் தளத்தில் உதவி வேலைகளைப் பார்த்தார்; ஒளிப்பதிவுக் கருவியின் அருகில் நின்று கவனித்தார். திரைப்படக் கல்லூரி என்ற ஒன்று இந்நாட்டில் இல்லாத காலம் அது. பார்த்துக் கற்பதே பாடம்; தளமே வகுப்பறை.

அவரைக் கதாநாயகனாக்கிய பெருமை எல். கிருஷ்ணனைச் சாரும். தமிழகத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர் அவர். ரம்லியின் முகம் கதாநாயகனுக்கு ஏற்றதன்று என்ற தயக்கம் நிறுவனத்தாருக்கு இருந்ததாகச் சொல்வர். பாடத் தெரிந்தவனே நடிக்கவும் செய்தால் பாட்டுக்கும் முகத்துக்கும் பொருத்தம் வரும் என்பது கிருஷ்ணனின் கருத்து. 1950இல் அவர் இயக்கிய 'பக்தி' என்னும் படத்தில் ரம்லி நாயகனாகத் தோன்றினார். (வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்ற இச்சொல்லுக்கு அங்கே தொண்டு, கடமையுணர்வு என்று பொருள்.) அதன்பின் அவருக்கு மற்றொருவர் பின்னணி பாடவேண்டிய தேவையும் இல்லை, அவர் வில்லன் வேடத்துக்குத் திரும்பவேண்டிய நிலையும் இல்லை. பினாங்கில் வளர்ந்த தமிழர் ஒருவர் பினாங்கில் பிறந்த மலாய் இளைஞரைக் கைப்பிடித்து முன்னே நிறுத்தினார் என்பது நம் சமூக வரலாற்றிலும் எழுதிவைக்க வேண்டிய செய்தியாகும். நம் பாடநூல்களில் அது இன்னும் உரிய இடம் பெறாதது ஒரு குறையே.

இந்திய இயக்குநர்களிடம் ரம்லி கற்றது என்ன? காட்சியைப் பாட்டுக்கு ஏற்பக் கட்டுவது, பாட்டைக் கதைக்கு ஏற்ப வைப்பது, அழுகையையும் சிரிப்பையும் அடுத்தடுத்துக் கலப்பது ஆகியவை. இவையெல்லாம் கல்கத்தா, பம்பாய், சென்னைப் படங்களின் தொழில் நுட்பங்கள். பனி மஜும்தாரின் பெயரை இங்கே சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். 1938இல் கல்கத்தாவில் 'ஸ்ட்ரீட் சிங்கர்' படத்தில் கே. எல். சைகாலை இயக்கியவர் அவர். அந்தப் பாடக நடிகரை இயக்கிய அதே கை, 1956இல் 'ஹாங் துவா' என்னும் வண்ணப் படத்தில் ரம்லியை இயக்கியது. அப்படத்துக்கு இசையமைத்ததற்காக அவ்வாண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி பரிசு பெற்றார். மஜும்தாரே இயக்கிய 'அனாக்கு சசாலி' படத்தில், செல்லம் கொடுத்துக் கெடுத்த தந்தையாகவும் கெட்டுப்போன மகனாகவும் இரட்டை வேடம் ஏற்றார். 1957இல் தோக்கியோ விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. முதுமையும் இளமையும் ஒரே உடலில் ஏறி இறங்கிய அந்த நடிப்பைப் பார்த்தவர்கள், அவரைப் பாடகர் என்று மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டனர்.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. இந்திய இயக்குநர் பலருக்கு மலாய் மொழி சரிவரத் தெரியாது. இந்தியப் படக் கதையே மலாய்ப் பெயர்களைச் சூடிக்கொண்டு வந்தது. கம்பத்து மலாய்ப் பெண் வடநாட்டு நாயகியைப் போல மரத்தைச் சுற்றிப் பாடினாள். மலாய் எழுத்தாளர்களும் இதழாசிரியர்களும் இதைக் கண்டித்து எழுதினர். தம் வாழ்க்கையைத் தம்மவரே படமாக்க வேண்டும் என்று கேட்டனர். அவர்கள் கேட்டது முறையானதே. விடுதலையை நோக்கி நாடு நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அதற்கு ரம்லி தந்த விடைதான் 1955இல் வெளிவந்த 'பெனாரெக் பெச்சா'. அவர் இயக்கிய முதல் படம் அது. மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டும் ஏழை இளைஞன் ஒருவன், செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி, இருவருக்குமிடையே அன்பு. கதையின் எலும்புக்கூடு இந்தியப் படங்களில் கண்டதுதான். ஆனால் அந்த ரிக்‌ஷாவின் மணியோசையும், கூலிக்காரனின் வீட்டுத் தாழ்வாரமும், தாயிடம் அவன் பேசும் பேச்சும் மலாய் மண்ணுக்கே உரியவை. அவருடைய புகழ்பெற்ற 'அசிசா' பாடலும் இப்படத்தில் இடம்பெற்றது. கற்ற வித்தையைக் கைவிடாமல், அதைத் தன் மொழிக்குள் கொண்டுவந்தார் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. ஆசிரியரை மறுப்பதற்காகப் பாடத்தை மறந்தவர் அல்லர் அவர்.

இதன்பின் வந்த பத்தாண்டுகள் அவருக்குப் பொற்காலம். 1957இல் 'புஜாங் லாப்போக்' வந்தது. மணமாகாமல் காலம் கழிக்கும் மூன்று முதிய இளைஞர்களின் கதை. ரம்லியோடு அசிஸ் சத்தாரும் எஸ். சம்சுதினும் நடித்தனர். இம்மூவர் கூட்டணி மலாய் நகைச்சுவையின் அளவுகோலாகவே ஆயிற்று. இவ்வரிசையில் 1959இல் வெளிவந்த 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' ஆசிரியர்கள் அவசியம் பார்க்கவேண்டிய படம். எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பாடம் சொல்லும் பெண்ணொருத்தி அதில் வருகிறாள். சிலம்பம் கற்க வந்த மூவரும் அவளுடைய வகுப்பில் மாணவராக உட்காருகின்றனர். சம்சுதின் ஜாவி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரியாகக் கூட்டிச் சொல்வார். கூட்டிய எழுத்துக்கும் முடிவில் அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் தொடர்பே இராது. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியில் கண்ட எந்த ஆசிரியரும் அந்தக் காட்சியில் சிரிப்பதோடு நில்லார். முதியோர் கல்வி நாடெங்கும் இயக்கமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், அதை உபதேசமாக்காமல் நகைச்சுவையாக்கியது ரம்லியின் கூர்மை.

1961இல் வந்த 'செனிமான் புஜாங் லாப்போக்' வேறொரு வகையில் அரிய ஆவணம். நடிகராக விரும்பும் அம்மூவரும் வேலை கேட்டுப் போகும் இடம் ஜாலான் அம்பாஸ் நிலையமேதான். வாயிற்காவலர், ஒப்பனை அறை, படப்பிடிப்புத் தளம், பொறுமை இழக்கும் இயக்குநர் என்று ஒரு நிலையத்தின் நடைமுறை முழுவதும் கேலியாகக் காட்டப்படுகிறது. தன் பள்ளிக்கூடத்தைத் தானே எள்ளி நகையாடும் உரிமை, அங்கே நன்றாகப் படித்த மாணவனுக்கே உண்டு.

பாடகர் ரம்லியின் சிகரம் எது என்று கேட்டால் பலரும் 1960இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்' படத்தின் 'கெத்தாரான் ஜீவா' பாடலைச் சொல்வர். மென்மையான அந்தக் குரல் உரத்து எழுவதே இல்லை. மேடை நாடகத்தின் உச்சக்குரல் வழக்கத்திலிருந்து விலகி, ஒலிவாங்கியின் அருகில் நின்று ஒருவரிடம் தனித்துப் பேசுவது போல் பாடும் முறையை அவர் மலாய் இசையில் நிலைநாட்டினார். 1962இல் வந்த 'இபு மெர்த்துவாக்கு' படத்தில் குரலும் நடிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்தன. சாக்சபோன் வாசிக்கும் கலைஞன் காசிம் செலாமாட்டைச் செல்வச் சீமாட்டியின் மகள் மணக்கிறாள். கலைஞர் என்றாலே இழிவாகக் கருதும் மாமியார், சூழ்ச்சியால் இருவரையும் பிரித்து, மகள் இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லுகிறாள். அழுதழுது அவன் கண்பார்வையை இழக்கிறான். பின்னர்ச் சிகிச்சையால் பார்வை திரும்பி உண்மையைக் கண்டதும், தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். கதை மிகையானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இசையைத் தொழிலாகக் கொண்டவனை மதியாத சமுதாயத்தின் மீது ஓர் இசைக்கலைஞர் தொடுத்த வழக்கு அது. 1963இல் தோக்கியோ விழாவில் பன்முகத் திறமைக்கான சிறப்பு விருதை இப்படம் அவருக்குப் பெற்றுத் தந்தது.

பன்முகத் திறமை என்னும் இந்தச் சொல்லைச் சற்று ஆராயவேண்டும். ரம்லி எல்லாவற்றையும் ஒருவரே செய்தார் என்று நாம் புகழ்கிறோம். ஜாலான் அம்பாசில் அவர் உண்மையில் தனியாக எதையும் செய்யவில்லை. பாடல் வரிகளுக்கு ஜமில் சூலோங்கும் எஸ். சுடர்மாஜியும் இருந்தனர். இசையில் துணைநிற்கக் காசிம் மாஸ்டோர் இருந்தார். ஒளிப்பதிவுக்கு ஏ. பாக்கார் அலி இருந்தார். 'சும்பா ஓராங் மின்யாக்' படத்தின் ஒளிப்பதிவு 1958இல் மணிலா விழாவில் பரிசு பெற்றது. பங்சாவான் மேடையில் முதிர்ந்த குணசித்திர நடிகர்கள் மாதச் சம்பளத்தில் காத்திருந்தனர். ஒரு படம் முடிந்தால் மறுபடம். தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த வாய்ப்பு. இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்த கூட்டத்தின் நடுவே நின்றதால்தான் ஒருவரால் ஐந்து பணிகளைத் தாங்க முடிந்தது.

அந்தக் கூட்டம் சிதறத் தொடங்கியது. சம்பளமும் பணிநிலையும் குறித்து மனக்குறை முன்பே இருந்தது; 1957இல் ஊழியர் நீக்கத்தை எதிர்த்து வேலைநிறுத்தமும் நடந்தது. அதே காலத்தில் ரன் ரன் ஷா தம் முழுக் கவனத்தையும் ஹாங்காங்கில் எடுக்கும் சீனப் படங்களின் மீது திருப்பினார். 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கியது. கொட்டகைக்குச் செல்லாமலே படம் பார்க்க வழி பிறந்தது. அதே ஆண்டு இந்தோனேசியா மலேசியாவுக்கு எதிராகப் பகைமைப் போக்கை மேற்கொண்டது. அந்தப் பெரிய நாட்டின் சந்தை மலாய்ப் படங்களுக்கு அடைபட்டது. மலாய்ப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றுவிட, இந்தியிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. ஜாலான் அம்பாஸ் நிலையம் 1967இல் மூடப்பட்டது.

அதற்கு முன்பே, 1964இல், 'மடு தீகா' என்னும் வெற்றிப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணி. அப்போது சிங்கப்பூரும் மலேசியாவுக்குள்தான் இருந்தது. ஒரே நாட்டுக்குள் ஊர் மாறுவதாகவே அவர் எண்ணியிருப்பார். மறு ஆண்டு ஆகஸ்டில் இரண்டும் தனித்தனி நாடுகளாயின. பழகிய தோழர்களும் கருவிகளும் அக்கரையில் நின்றுவிட்டனர்.

உடன் வந்தவர் மனைவி சலோமா. சல்மா இஸ்மாயில் என்னும் இயற்பெயர் கொண்ட அவரும் தம் காலத்தின் தலைசிறந்த பாடகியே. முந்தைய இரு மணங்களும் நிலைக்காத நிலையில், 1961இல் ரம்லி அவரை மணந்தார். இருவரும் இணைந்து பாடிய பாடல்கள் மலாய் இசையின் செல்வங்கள்.

மெர்டேக்கா நிலையத்தில் வசதிகள் குறைவு. பயிற்சி பெற்ற ஊழியர்களும் குறைவு. முன்பு பலர் பகிர்ந்துகொண்ட சுமை இப்போது ஒருவர் தோள்மீது ஏறியது. கதை அவரே, வசனம் அவரே, இசை அவரே, இயக்கம் அவரே, நாயகனும் அவரே. ஜாலான் அம்பாசில் பெருமையாக இருந்த அதே பன்முகத் திறமை உலு கிள்ளானில் கட்டாயமாக மாறியது. ஏ. ஆர். தோம்பெல், இப்ராகிம் டின் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு 'டோ ரே மி' வரிசை நகைச்சுவைப் படங்களை எடுத்தார். சிரிக்க வைத்தன, ஆனால் பழைய மூவரின் நுட்பம் அவற்றில் இல்லை. இதைச் சொல்வது அவர் பெருமைக்கு இழுக்கன்று. நடுத்தரமான ஒரு படத்தைக் கலைஞரின் தோல்வி என்று எண்ணிவிடும் இரசிகர்கள், அந்தப் படம் எடுக்கப்பட்ட கூடத்தை நினைப்பதில்லை.

அந்த ஆண்டுகளிலும் தமிழர் மறக்கக்கூடாத படம் ஒன்று வந்தது. 1968இல் அவர் இயக்கி நடித்த 'கெரிமிஸ்', அதாவது தூறல். மலாய் இளைஞன் ஒருவனும் லீலா என்னும் இந்தியப் பெண்ணும் விரும்பி மணக்கின்றனர். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரு வீட்டாரும் எதிர்க்கின்றனர். சமயம், பழக்கவழக்கம், ஊரார் பேச்சு எல்லாம் இடையில் வந்து நிற்கின்றன. இன்றைக்கும் பேசத் தயங்கும் ஒரு பொருளை அன்றைக்கே கொட்டகையில் ஏற்றியவர் அவர். கொள்கை முழக்கம் இல்லை. இரு குடும்பங்களின் மனவேதனையையே படம் காட்டியது. இந்தியர் என்றால் வட்டிக்கடைக்காரராகவும் காவலாளியாகவும் மட்டும் காட்டிப் பழகிய திரையில், ஓர் இந்தியக் குடும்பத்தின் உள்வீடு காட்டப்பட்டது சிறிய மாற்றமன்று.

ஆனால் காற்று வேறு பக்கம் வீசிற்று. மேல்நாட்டுப் 'பீட்டில்ஸ்' குழுவின் தாக்கத்தால் மின்கிட்டார் இசைக்குழுக்கள் மலாய் இளைஞர்களைக் கவர்ந்தன. 'பாப் ஏ ஏ' என்று அந்த இசைக்குப் பெயர். ரம்லியின் பாட்டு பழம்பாட்டாயிற்று. 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாக 1972இல் வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர், முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்தவர், பிறகு படம் எடுக்க முதலீடு தேடி அலைந்தார். சிங்கப்பூரில் மாதச் சம்பளத்துக்கு உழைத்த காலத்தில் அவர் தந்த பாடல்கள் நிறுவனத்தின் சொத்தாயின. முதுமைக்கு உதவும் சேமிப்பாக அவை அவரிடம் திரும்பி வரவில்லை. மலாய்க் கலைஞர்களே நடத்தும் பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கும் முயற்சியிலும் நண்பர்களோடு ஈடுபட்டார்.

அம்முயற்சி பயன்தரும் முன்னே, 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், மாரடைப்பால் கோலாலம்பூரில் காலமானார். வயது நாற்பத்து நான்கு. ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிறப்புகள் பின்னர் வந்தன. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பாரி, ஜாலான் பி. ரம்லி என்று பெயர் மாற்றம் பெற்றது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமாயிற்று. 1990இல் மாமன்னர் அவருக்கு, மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், டான் ஸ்ரீ விருதளித்தார். பினாங்கில் அவர் பிறந்த மரவீடும் நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. தொலைக்காட்சியில் அவருடைய படங்கள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, அவர் காலமான பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் அவற்றின் வசனங்கள் மனப்பாடமாயின. எந்தத் தொலைக்காட்சி அவருடைய கொட்டகைகளைக் காலியாக்கியதோ அதுவே அவரை மீண்டும் வீடுதோறும் கொண்டுவந்து சேர்த்தது.

கடைசிக் காலத்தில் அவர் எடுக்க எண்ணிய படம் ஒன்றுக்கு 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்' என்று பெயர் வைத்திருந்தார். கோலாலம்பூரில் கண்ணீர் என்பது பொருள். படம் எடுக்கப்படவில்லை. அதற்காக அவர் அமைத்த பாடல் மட்டும், 1983இல் தாமும் மறைந்துபோன சலோமாவின் குரலில் மக்களிடம் வந்து சேர்ந்தது.